விட்டு விட்டுச் செய்யும் கைவேலை
பருவத்துக்கும் பண்டிகைக்கும் ஏற்ற கலைப்பொருள்களை இல்லத்தில் செய்தல்

நம் நாட்டில் பனி பொழிவதில்லை. குளிர்காலம் என்று ஒன்று தனியாக வருவதும் இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறி வந்துகொண்டிருப்பதால், படப் புத்தகங்களில் காணும் நான்கு பருவங்களும் வேறு யாருக்கோ உரியவை என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அவ்வாறு எண்ண மாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. செம்பு நிறமும் மஞ்சள் நிறமும் கொண்ட சருகுகள் காடெங்கும் கணுக்கால் அளவு கிடக்கும். பாலும் குறையும். பின்னர்த் தளிர் விட்டுப் பூத்துக் காய்த்து, ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் நண்பகல் வெயிலில் காய்கள் படீரென்று வெடித்துக் கொட்டைகளைத் தூரத்தில் எறியும். இவற்றோடு பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் நமக்குரிய பருவங்கள் கிடைத்துவிடுகின்றன. இப்பருவங்கள் தரும் பொருள்களைக்கொண்டு தாய்மார்கள் இல்லத்தில் செய்யக்கூடிய சில கைவேலைகளைக் குறித்து இங்குக் கூற விரும்புகிறோம்.

முன்னாளில் லயத்து வீடுகளில் பண்டிகைக்குரிய அலங்காரம் வீட்டிலேயே உருவாயிற்று. குருத்தோலைத் தோரணம், வாசற்கோலம், வண்ணக் காகிதக் கொடி, பழைய சேலைக் கரையில் தைத்த திரைச்சீலை ஆகிய யாவும் தாய்மார்களின் கைவேலையாகவே இருந்தன. இன்று நெகிழித் தோரணம் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஒட்டுக் கோலமும் கிடைக்கிறது. அவற்றை வாங்குவோரை நாம் குறை கூறவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்வெட்டி, மங்குகளில் பாலெடுத்து, உச்சி வெயிலில் வீடு திரும்பிச் சமைத்த தாய்க்கும் சரி, இன்று தொழிற்சாலையில் இரவு முறை பார்த்துவிட்டு வரும் அவருடைய மகளுக்கும் சரி, நேரமில்லை என்பது சாக்கன்று, உண்மை.

எனினும், எல்லாவற்றையும் கடையில் வாங்கும் வீட்டில் இரு இழப்புகள் நேர்கின்றன. தோரணம் என்பது மனிதர் கையால் செய்யப்படும் பொருள் என்பதே பிள்ளைக்குத் தெரியாமற்போகிறது. இதைப் பலரும் எடுத்துரைக்கிறார்கள். மற்றோர் இழப்பைப் பேசுவோர் குறைவு. பதினைந்து புள்ளிக் கோலத்தைத் தடுமாறாமல் இழுத்த கை, மணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் சுண்ணக்கட்டியைத் தொடுவதேயில்லை. ஒரு காலத்தில் அழகாகச் செய்யத் தெரிந்தவர் என்ற நினைவுகூட அப்பெண்ணுக்கு மங்கிவிடுகிறது. இது சிறிய இழப்பு என்று நாம் கருதவில்லை.

ஆகவே, ‘நேரத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்’ என்று நாம் அறிவுரை கூறப்போவதில்லை. தாயின் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அத்துண்டுகளுக்குப் பொருந்தும் வேலையைத் தேர்ந்தெடுப்பதே வழி. சோறு பொங்கி வழிந்தாலோ குழந்தை அழுதாலோ வேலையை அப்படியே கீழே வைத்துவிட்டு எழ முடியவேண்டும். மூன்று நாள் கழித்துத் திரும்பினாலும் அது கெட்டிருக்கக்கூடாது. தாய் இல்லாத ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் கைக்கு ஆபத்து விளைவிப்பதாகவும் இருக்கக்கூடாது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாளிதழ்களில் வரும் ‘எளிய கைவினை’களுள் பாதி கழிந்துவிடும். சூடான பசைத் துப்பாக்கி முதலில் கழியும்.

இலை நரம்புப் பூவலை

நம் அளவுகோலுக்கு மிகவும் பொருந்துவது இலை நரம்பு வேலை. இதில் பெரும்பகுதி வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது. இரப்பர் இலையின் சதைப்பகுதி அழுகி நீங்கியபின் எஞ்சும் நரம்புவலை, மெல்லிய சல்லாத் துணி போன்றது. இதைச் சாயமிட்டுப் பூவாகக் கட்டி விற்பது நம் நாட்டில் ஒரு கைத்தொழிலாகவே இருந்து வந்துள்ளது.

பூச்சி அரிக்காத, நன்கு முற்றிய பச்சை இலைகளைப் பறித்துக்கொள்ளுங்கள். உதிர்ந்து காய்ந்த சருகு உடைந்துவிடும், இளந்தளிர் கரைந்துவிடும். இரப்பர் இலை ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகளாக இருப்பதால், அவற்றைத் தனித்தனியே கிள்ளிக்கொள்ளலாம். வாளியில் இலைகளைப் போட்டு, அவை மூழ்கும்படி நீர் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துச் சிறு கல் வையுங்கள். மூன்று வாரம் முதல் ஐந்து வாரம் வரை அப்படியே விட்டுவிடலாம். வாரம் ஒருமுறை நீரில் பாதியை மட்டும் மாற்றினால் போதும். துர்நாற்றம் வீசும் என்பதை மறைப்பதற்கில்லை. வாளி சமையற்கட்டுக்குத் தொலைவில் இருக்கட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. திறந்த வாளி நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏழெட்டு நாள்கள் போதும். ஆகவே வாளியின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இடைவெளியின்றி இறுகக் கட்டுங்கள். இறுக மூடும் டின்னாக இருந்தால் இன்னும் நன்று. வீட்டு வளாகத்தில் கொசுப் புழு வளர இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றமாகும். அபராதம் ஒருபுறம் இருக்க, டிங்கிக் காய்ச்சல் எந்தப் பூவுக்கும் ஈடாகாது.

விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் பதத்தில், இலையை ஒரு தட்டின்மேல் விரித்துப் பழைய பல்தூரிகையால் மெல்லத் தட்டுங்கள். நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கியே தூரிகை செல்லவேண்டும். குறுக்கே இழுத்தால் வலை கிழியும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் இதைத் தாயைவிடப் பொறுமையாகச் செய்வார்கள். ஒருநாளில் நான்கு இலைகள் முடிந்தால் நான்கோடு நிறுத்தலாம். மற்றவை நீரிலேயே காத்திருக்கும். முடிந்தவற்றை அலசி, செய்தித்தாளின் இடையே வைத்துக் கனமான நூல்களை ஏற்றி உலர்த்துங்கள்.

சலவைச் சோடாவில் வேகவைக்கும் விரைவு முறையும் உண்டு. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 100 கிராம் சோடா இட்டு, நீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டு, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும் என்பதால் எவர்சில்வர்ப் பாத்திரமே ஏற்றது. ஆனால் கொதிக்கும் கார நீரின் அருகே நின்றுகொண்டே இருக்க நேர்வதால், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இம்முறையை நாம் பரிந்துரைப்பதில்லை.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியும், குடும்பங்கள் பல தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தும்விட்டன. இரப்பர் மரம் கண்ணுக்கெட்டாத தொலைவில் உள்ளவர்கள் அரச இலையைப் பயன்படுத்தலாம். கோவில் மரத்தடியில் உதிர்ந்த பசுமஞ்சள் இலை கிடைத்தால் அதுவே போதும். நீண்ட வால்முனையுடன் கூடிய அரச இலையின் நரம்புவலை, இரப்பர் இலையினதைவிட அழகானது என்பது நம் எண்ணம்.

சமையற்கட்டு வண்ணங்கள்

நரம்புவலையை வெளுக்க மருந்து தேவையில்லை. அதன் பழுப்பு நிறமே இனியது. நிறம் வேண்டுமானால் சமையற்கட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் தூளை வெந்நீரில் கரைத்து இலையை ஊறவைத்தால் பொன்னிறம் ஏறும். அந்த மஞ்சள் நீரில் சிறிது வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்ந்ததும் செந்நிறம் தோன்றும். ஆரத்தித் தட்டில் நாம் காண்பது இதுவே. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும் இயல்புடையது. வேலியோரத்துச் சங்குப்பூவை வெந்நீரில் பிழிந்தால் நீலம் கிடைக்கும். கிளந்தான் மக்கள் ‘நாசி கெராபு’ச் சோற்றுக்கு நிறமூட்டுவது இப்பூவைக்கொண்டே. அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். இவ்விரண்டையும் செய்து காட்டிய தாய், ஒரு வேதியியல் பாடத்தையே நடத்திவிட்டார். சங்குப்பூ நீலம் இலையைவிட வெள்ளைக் காகிதத்தில் நன்கு பிடிக்கும். சுண்ணாம்பைத் தாயே கையாளவேண்டும். அது கண்ணில் பட்டால் கடும் தீங்கு விளையும். மேலும், இவ்வண்ணங்கள் வெயிலில் மங்கும். மஞ்சள் மிக விரைவில் வெளுக்கும். ஒரு பண்டிகைக்காலம் நிலைத்தால் போதும் என்று எண்ணிச் செய்யவேண்டியவை இவை.

பலபொருள் ஒட்டுச் சித்திரம்

இலை, கொட்டை, துணி, ஈர்க்கு, காகிதம் என்று பல பொருள்களை ஒரே பலகையில் சேர்த்து அமைப்பது ஒட்டுச் சித்திரம். ஓவியம் வரையத் தெரியாது என்று கூச்சப்படும் தாய்மார்களுக்கு இது மிகவும் ஏற்றது. பொருள்களுக்கு ஏற்கெனவே வடிவம் உண்டு. நாம் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம்.

தடித்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, அதன்மேல் பழைய பருத்திச் சேலைத் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். பசைக்கு மரவள்ளி மாவோ கோதுமை மாவோ போதும்: ஒரு பங்கு மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, நான்கைந்து பங்கு கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடிப் பதத்தில் பசை வரும். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், நம் முன்னோரின் வயிற்றை நிரப்பிய மரவள்ளி இன்று பசையாகவும் உதவுகிறது. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழைய வழக்கம் உண்டு. அது நஞ்சு; பிள்ளைகள் கைபடும் பசையில் வேண்டாம். அன்றன்று காய்ச்சிய பசையே நல்லது.

எடுத்துக்காட்டாக, ஒரு தோட்டக் காட்சியை அமைக்கலாம். செம்பனை ஓலையின் ஈர்க்குகளை வரிசையாக நிறுத்தினால் அவை மரத்தண்டுகள். ஒவ்வொரு தண்டின்மேலும் ஓர் இலை நரம்பை விரித்தால் அதுவே கிளைகளோடு கூடிய முழு மரமாகிவிடும். ஓர் இலையின் நரம்பமைப்பும் மரத்தின் கிளையமைப்பும் ஒத்திருப்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும். அடியில் சிவந்த சேலைக்கரை மண்ணாகும். இரப்பர்க் கொட்டை ஓட்டின் பாதி, மரத்தில் கட்டிய மங்காகும். மரங்கள் நேர்வரிசையில் நிற்கவேண்டும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வானத்துக்குரிய இடத்தை வெறுமையாக விடுங்கள். கையில் உள்ள அனைத்தையும் ஒட்டிவிடும் ஆசைதான் இவ்வகைச் சித்திரங்களைக் கெடுக்கிறது.

பொருள்களைப் பரப்பியவுடன் ஒட்டாதீர்கள். பலகையை அலமாரிமேல் வைத்துவிட்டுச் சமையலைப் பாருங்கள். மறுநாள் வந்து பாருங்கள். நேற்றுச் சரியாகத் தோன்றிய இடம் இன்று நெருடும். அதை நகர்த்துங்கள். இடைமறிக்கப்படுவது இந்த ஒரு வேலையில் நன்மையாகவே முடிகிறது. தொடர்ந்து நான்கு மணி நேரம் அமர்ந்து செய்பவருக்கு இப்புதிய பார்வை வாய்ப்பதில்லை.

கொட்டைகளைப் பற்றி

இரப்பர்க் கொட்டையின் பழுப்புப் புள்ளிகளைப்போல் நேர்த்தியான வேலைப்பாடு வேறெந்த விதையிலும் இல்லை. ஒன்றோடொன்று மோதவைத்து உடைத்துப் பார்ப்பதும், சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடாக்கித் தோழனின் கையில் வைப்பதும் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த விளையாட்டுகள். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் பிரேசில் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழிவந்த கன்றுகளே 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்து வெட்டிய மரங்களும் அவ்வழி வந்தவையே. மாலை கோத்துக்கொண்டிருக்கும்போது இக்கதையைக் கூறலாம்.

கோப்பதற்குமுன் கொட்டைகளை ஒரு வாரம் வெயிலில் காயவையுங்கள். உள்ளே எண்ணெய்ப் பருப்பு இருப்பதால் ஈரம் பட்டால் புழுக்கும். துளையிடும் வேலை தந்தைக்கு உரியதாக இருக்கட்டும். பச்சைப் பருப்பில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. சிறு குழந்தை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சிவப்பு மணிக்குச் சாகா மரத்தின் மஞ்சாடி விதையைப் பயன்படுத்துங்கள். கருப்புக் கண் உள்ள குன்றிமணியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் ஓடு உடைந்தால் கொடிய நஞ்சு.

ஓலை

தோரணத்துக்கு விரியாத தென்னங்குருத்தோலை வேண்டும். குருத்தின் அடிமுளையில் வெட்டுப்பட்டால் மரமே பட்டுப்போகும். ஆகவே, பழகியவரைக்கொண்டு வெட்டுவிக்கவேண்டும். மங்கல வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் தோரணம் வேறு. மடிக்கும் குருவிகளின் எண்ணிக்கையும் அவற்றின் தலை நோக்கும் வேறுபடும். இதை எழுத்தில் படித்துக் கற்பதைவிட, அருகில் உள்ள மூத்த பெண்மணியிடம் கேட்டுக் கற்பதே நல்லது. கேட்கப்படுவதில் அவருக்கும் மகிழ்ச்சி உண்டு. அதே ஓலையின் இரண்டு கீற்றுகளைக்கொண்டு மலாய்ச் சகோதரிகள் கெத்துப்பாட் கூடு பின்னுகிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் அண்டை வீட்டு மாக்சிக்கின் அருகே ஒரு மாலை அமர்ந்தால் அதுவும் கைவந்துவிடும். நம் தோரணக் குருவியை அவருக்குக் கற்றுக் கொடுத்து வரலாம்.

நாள் கணக்கு இங்கு முக்கியம். தோரணம் சில நாள்களில் காய்ந்துவிடும் என்பதால் பொங்கலுக்கு முதல்நாள் மாலைதான் அதற்கு உரிய நேரம். இலை நரம்போ அதற்கு நேர்மாறானது. தீபாவளிக்கு எட்டு வாரம் முன்பே வாளியில் இறங்கவேண்டும். நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னதாக வருவதால், சென்ற ஆண்டுக் கணக்கை நம்பியிருக்கக்கூடாது. நாள்காட்டியில் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்துவிடுங்கள்.

யாருடைய வேலை?

பிள்ளை உறங்கியபின் அதன் கோணல் வேலையைத் தாய் இரகசியமாகத் திருத்துவதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். பள்ளிக்குக் கொண்டுசெல்லும் வேலையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். காலையில் எழுந்து பார்க்கும் பிள்ளை ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் யாருடைய கை பட்டது என்பதை அறியும். அடுத்த முறை ‘அம்மா, நீங்களே செய்துவிடுங்கள்’ என்று கூறுவதற்கு இதுவே காரணம். சோம்பல் அன்று.

இதற்கு நாம் கூறும் வழி, இரண்டு பலகை வைத்துக்கொள்வதே. ஒன்று பிள்ளைக்கு, ஒன்று தாய்க்கு. நான்கு வயதுக் குழந்தை காகிதத்தைக் கிழித்து ஒட்டட்டும். பத்து வயதானவர் கத்தரிக்கோல் பிடிக்கட்டும். ஆண்பிள்ளை என்றால் வெளியே விளையாட அனுப்புவதும் பெண்பிள்ளை என்றால் அமர்த்திவைப்பதும் வேண்டாம். தாய் தம் பலகையில் தாம் விரும்பியதைச் செய்யட்டும். பிள்ளையின் பலகையில் தாயின் விரல் படவேண்டாம். தாயின் பலகையில் பிள்ளையின் விரலும் படவேண்டாம். இப்பின்பகுதியைக் கூறும்போது சில தாய்மார்கள் திகைக்கிறார்கள். தமக்கென்று தொடக்கூடாத பொருள் ஒன்றை வைத்துக்கொள்வது தன்னலம் ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. தாய் தம் வேலையை மதிப்பதைக் கண்ட பிள்ளைதான் பிறர் வேலையையும் மதிக்கக் கற்கிறது. பாடம் படிக்கும் நேரம் வீணாகிறது என்று வீட்டில் முணுமுணுப்போர் இருப்பின், அவர்களையும் ஒரு தூரிகையோடு அமர்த்திவிடுங்கள்.

பாதுகாத்தல்

நம் நாட்டுக் காற்றின் ஈரம் இவ்வேலைகளுக்குப் பெரும் பகை. பண்டிகை முடிந்தபின் வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளுக்காகக் காத்திருந்து, நிழற்பாங்கான இடத்தில் காற்றாட உலர்த்தி எடுங்கள். மாவுப் பசை உள்ள பொருள்களை முதலில் நாடுவன கரப்பானும் வெள்ளிப்பூச்சியும். மூடி இறுகும் பெரிய பிஸ்கட் டின்னில் செய்தித்தாளை மடித்துப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் நான்கைந்து கிராம்பு இட்டு வையுங்கள். வாடிய தோரணத்தைச் சேமிக்கவேண்டாம். அது குப்பைமேட்டில் உரமாகட்டும். சித்திரத்தின் பின்புறத்தில் ஆண்டு, பண்டிகை, செய்தவர் பெயர் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் ஊறும். தாயின் பலகையில் ‘அம்மா’ என்று எழுதாமல் அவருடைய பெயரையே எழுதவேண்டும். டின் அடுப்புக்கு மேலுள்ள பரணில் இருக்கவேண்டாம். அங்கே ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு ஏற்ற இடம்.